ஒரே பாஸ்பர் பொடி கைரேகைக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் ஆகுமா? – விவாத இழை

செவ்வொளி611 (இழையைத் தொடங்கியவர்)

பாஸ்பர் என்றால் ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் பொருள். யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆக்சைடு அப்படி ஒன்று. அதைக் கரைசல் எரிப்பு முறையில் (நைட்ரேட்டையும் எரிபொருளையும் கரைசலாகக் கலந்து, சூடேற்றிப் பற்றவைத்து) செய்கிறார்கள். அதே பொடியைக் கண்ணாடி ஸ்லைடில் தூவி, மறைந்திருக்கும் கைரேகையைச் சிவப்பாக ஒளிர வைக்கிறார்கள். கட்டுரையின் கடைசிப் பகுதியில் நிற ஆயத்தொலைவு (நிறத்தைக் குறிக்கும் x, y எண்கள்) கணக்கிட்டு "வெள்ளை எல்.இ.டி.க்கும் ஏற்றது" என்று முடிக்கிறார்கள். இந்த வாய்பாட்டில் வந்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. எம்.எஸ்சி. செயல்திட்டத்துக்கும் இதையே பலர் எடுக்கிறார்கள்.

எரிப்பு முறையில் எடைக் கணக்கு எப்படிப் போடுவது, எங்கே சொதப்பும் என்று யாராவது முழுசாக எழுதுங்கள். 365 நானோமீட்டர் டார்ச்சில் இந்தப் பொடி ஏன் மங்கலாகத் தெரிகிறது? விளக்குக்கும் ஆகும் என்ற கூற்று எவ்வளவு தூரம் நிற்கும்? எனக்கு அந்தக் கடைசிப் பகுதியில்தான் சந்தேகம்.

---

உலைக்களம்

செய்முறையை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த முறையின் வேர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. கே.சி. பாட்டீல் குழு அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் 500 டிகிரி உலையில் வைத்துச் சில நிமிடங்களில் அலுமினா எடுத்துக் காட்டியது 1988இல். ராக்கெட் உந்துபொருள் வேதியியலில் பயன்படும் இணைதிறன் கணக்குதான் அடிப்படை.

ஆக்சிஜனேற்றியின் எண்ணும் எரிபொருளின் எண்ணும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். ஆக்சிஜனேற்றியான இட்ரியம் நைட்ரேட் பக்கம்: இட்ரியம் +3, ஒன்பது ஆக்சிஜனுக்கு −18, நைட்ரஜனுக்குப் பூஜ்யம். மொத்தம் −15. எரிபொருளான கிளைசின் பக்கம்: இரண்டு கார்பனுக்கு +8, ஐந்து ஹைட்ரஜனுக்கு +5, இரண்டு ஆக்சிஜனுக்கு −4. மொத்தம் +9. ஆக ஒரு மோல் நைட்ரேட்டுக்கு 15/9, அதாவது 1.67 மோல் கிளைசின்.

5 மோல் விழுக்காடு யூரோப்பியம் வேண்டும், மொத்தம் 0.02 மோல் உலோக அயனி என்று வைத்தால்: இட்ரியம் ஆக்சைடு 2.145 கிராம், யூரோப்பியம் ஆக்சைடு 0.176 கிராம், கிளைசின் 2.50 கிராம். கையில் மிஞ்ச வேண்டிய பொடி 2.32 கிராம். முதல் தடவை இதற்கு மேல் அளவைக் கூட்ட வேண்டாம்.

நைட்ரேட் உப்பை வாங்கி எடை போடுவதைவிட ஆக்சைடிலிருந்து தொடங்குவது மேல். நைட்ரேட் ஈரம் குடிக்கும். புட்டியில் ஆறு நீர் மூலக்கூறு என்று எழுதியிருந்தாலும் உள்ளே எத்தனை இருக்கிறது என்பது வேறு கதை. ஆக்சைடும் காற்றிலிருந்து ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பிடிக்கும். 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டு, உடனே எடை போடுங்கள். தூய்மை 99.99 விழுக்காடு. இரும்பும் சீரியமும் துளி கலந்தாலே ஒளிர்வைத் தின்றுவிடும்.

இரண்டு ஆக்சைடையும் 500 மில்லி போரோசிலிகேட் பீக்கரில் போட்டு, சரிபாதி நீர்த்த நைட்ரிக் அமிலம் 10 மில்லி விட்டு, 80 டிகிரி சூட்டில் கலக்குங்கள். தெளிந்த கரைசல் ஆகும் வரை பொறுமை வேண்டும். இட்ரியம் ஆக்சைடு மெதுவாகத்தான் கரையும். பிறகு பாகு பதம் வரை வற்றவிட்டு, 10 மில்லி நீர் சேர்த்து மறுபடி வற்றவிட வேண்டும். எஞ்சிய அமிலத்தை விரட்டத்தான் இந்த இரண்டாவது சுற்று. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமிலம் தங்கினால் ஆக்சிஜனேற்றி கூடி, நீங்கள் போட்ட 1.67 கணக்கு பொய்யாகிவிடும். அமில மிச்சத்தோடு எரிபொருளைச் சேர்ப்பது பாதுகாப்பும் அல்ல.

அதன்பின் கிளைசினையும் 20 மில்லி நீரையும் சேர்த்து, தெளிந்ததும், முன்பே 500 டிகிரிக்கு ஏற்றி வைத்த மஃபில் உலைக்குள் (மூடிய மின் உலை) வையுங்கள். உலை புகைக்கூண்டின் கீழ் இருக்க வேண்டும். கொதிக்கும், நுரைக்கும், புகையும், திடீரென்று பற்றி ஒரு கனல் ஓடும். அவ்வளவுதான், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மோல் ஆக்சைடுக்குச் சுமார் 20 மோல் வாயு வெளியேறுவதால் பொடி நுரைபோல் உப்பிப் பீக்கரை நிரப்பும். சிறிய பீக்கர் வைத்தால் பாதிப் பொடி உலைச் சுவரில்தான் கிடக்கும். மேலே நிக்கல் கம்பிவலை போடலாம். இறுக்கமான மூடி கூடவே கூடாது. வெளியே எடுத்ததும் எஃகு மேசையில் வைத்தால் பீக்கர் விரிசல் விடும், செராமிக் ஓட்டின் மேல் வையுங்கள்.

தவறு நடந்தால் பொடியே காட்டிக்கொடுக்கும். செம்பழுப்புப் புகை அதிகமாக வந்து, தீயே பிடிக்காமல் பிசுபிசுப்பான கட்டி நின்றால் எரிபொருள் குறைவு. சாம்பல் நிறமோ கருமையோ இருந்தால் எரிபொருள் கூடி கார்பன் தங்கியிருக்கிறது.

எரிந்து வந்த பொடியை அப்படியே அளக்காதீர்கள். அலுமினா மூசையில் 900 டிகிரி, மூன்று மணி நேரம், நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றம். கார்பன், நைட்ரேட், பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சில் எல்லாம் போகும். ஹைட்ராக்சில் அதிர்வு யூரோப்பியத்தின் ஆற்றலை வெப்பமாக உறிஞ்சிவிடும். சுட்டபின் ஒளிர்வு கண்ணுக்குத் தெரியும் அளவு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

---

செவ்வொளி611

அருமை சார். கற்றாழைச் சாறு, எலுமிச்சைச் சாறு, இலைக் கஷாயம் எல்லாம் எரிபொருளாகப் போடும் "பசுமை" முறை பற்றி?

---

உலைக்களம்

சாற்றின் ஒடுக்கும் திறன் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவீர்கள்? செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். பொட்டாசியம், கால்சியம், குளோரைடு எல்லாம் சாம்பலோடு பொடியில் தங்கும். 900 டிகிரியில் அவை போகாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பூப்பூவாகப் படம் அழகாக வரும், அதுதான் ஈர்ப்பு. அடுத்த ஆய்வகம் திரும்பச் செய்து காட்ட முடியாத பொருளுக்குப் பசுமை என்று பெயர் வைத்து என்ன பயன்? நைட்ரிக் அமிலமும் நைட்ரஜன் ஆக்சைடுப் புகையும் அதிலும் அப்படியேதான் இருக்கின்றன.

இன்னொன்று. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் 29.2 டிகிரி அருகே உள்ள முதன்மைக் கோட்டின் அகலத்தை ஷெரர் சமன்பாட்டில் போட்டு "30 நானோமீட்டர் துகள்" என்று எழுதுகிறார்கள். அது படிகத்துணுக்கின் அளவு. தூரிகை எடுப்பது அந்தத் துணுக்குகள் ஒட்டிக்கொண்ட பல மைக்ரான் கட்டிகளை. கைரேகைக்கு முக்கியம் கட்டியின் அளவுதான்.

---

ரேகைமேசை

அந்தக் கடைசி வரியிலிருந்து நான் தொடர்கிறேன்.

முதலில் டார்ச் விஷயம். இட்ரியம் ஆக்சைடில் யூரோப்பியத்தைத் தூண்டும் பெரிய பட்டை 250 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆக்சிஜனிலிருந்து யூரோப்பியத்துக்கு மின்னூட்டம் தாவுவதால் வரும் பட்டை அது. 280ஐத் தாண்டினால் சரிந்துவிடும். அதன்பின் 395, 465 அருகே ஊசிபோன்ற கோடுகள் மட்டும். 365 இந்த இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட வெறும் பள்ளம். டார்ச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. 254 நானோமீட்டர் பாதரச விளக்குதான் இதற்குச் சரி.

254 விளையாட்டுப் பொருள் அல்ல. கண்ணில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து மணல் விழுந்ததுபோல் உறுத்தும். முகம் முழுக்க மறைக்கும் பாலிகார்பனேட் கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். அதோடு, அந்த ஒளி டி.என்.ஏ.வைச் சிதைக்கும். சம்பவ இடத்துச் சான்றுப் பொருள் என்றால் டி.என்.ஏ. மாதிரி எடுக்க வேண்டுமா என்ற முடிவு முதலில் வர வேண்டும், விளக்கும் தூரிகையும் அதற்குப் பிறகுதான்.

365 விளக்குதான் இருக்கிறது என்றால் வேறு யூரோப்பியம் பொருளுக்குப் போங்கள். தீனோயில் டிரைஃபுளோரோ அசிட்டோன் சேர்ந்த யூரோப்பியம் கூட்டுப்பொருள் 350–365இல் பளிச்சென்று சிவக்கும். சூப்பர் க்ளூ ஆவி காட்டிய ரேகைக்குச் சாயமாகவே அது வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளது. புற ஊதாவில் நெடுநேரம் வைத்தால் மங்கும் என்பது அதன் குறை. ஆக்சைடுப் பொடிக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது பொடி தூவுவது. மூசையிலிருந்து வந்ததை அகேட் கல்வத்தில் மெதுவாக உடைத்து, 400 மெஷ் சல்லடையில் சலியுங்கள். 38 மைக்ரானுக்கு மேற்பட்டது நின்றுவிடும். இன்னும் நுண்மை வேண்டுமென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலக்கி, கனமானது படிந்தபின் மேல் கலங்கலை மட்டும் இறுத்து உலர்த்துங்கள். பந்து ஆலையில் போட்டு மணிக்கணக்கில் அரைத்தால் துகள் சிறுக்கும், கூடவே பரப்புக் குறைகள் பெருகி ஒளிர்வு விழும்.

ரேகை மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் அரை மில்லிமீட்டர். வியர்வைத் துளை 0.1 மில்லிமீட்டர் அளவு. ரேகை முடிவு, கிளை பிரிவு இவற்றைக் காட்ட 10 மைக்ரான் பொடியே தாராளம். துளையின் விளிம்பு தெரிய வேண்டுமென்றால்தான் சில மைக்ரானுக்குக் கீழே போவதில் அர்த்தம் உண்டு. அதற்கும் கீழே நானோ அளவில் ஓடுவதால் ரேகைக்கு லாபம் அதிகமில்லை, நுரையீரலுக்குத்தான் கெடுதல். என்95 முகமூடி இல்லாமல் தூவாதீர்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

அணில் முடித் தூரிகை அல்லது இறகுத் தூரிகை. நுனியை மட்டும் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு, அழுத்தாமல் ஓட்டுங்கள். மேடு லேசாகத் தெரிந்ததும் அதன் போக்கிலேயே தூரிகையைத் திருப்பி, ரப்பர் ஊதியால் உபரியை விரட்டுங்கள். ஒரு ஸ்லைடுக்குச் சில மில்லிகிராம் போதும். தெளிவாக இல்லையே என்று மேலும் தூவினால் பள்ளமும் நிரம்பிச் சிவப்புத் திட்டாகிவிடும்.

உலர்ந்த ஆக்சைடுப் பொடி கொழுப்பை அவ்வளவாக விரும்பாது. அலுமினியச் செதில் பொடிகள் நன்றாக ஒட்டுவதில் அவற்றின் ஸ்டியரிக் அமிலப் பூச்சுக்குப் பெரும் பங்குண்டு. அதே உத்தி இங்கும் செல்லும்: பொடி எடையில் 2 விழுக்காடு ஸ்டியரிக் அமிலத்தை வெந்நீர்த் தொட்டியில் சூடேற்றிய எத்தனாலில் கரைத்து, பொடியைப் போட்டுக் கலக்கி, கலக்கியபடியே எத்தனாலை வற்றவிடுங்கள். தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் சோதனை. அதிகம் போட்டால் பொடி கட்டிதட்டும்.

நனைந்த பொருளுக்கு உலர்பொடி ஆகாது. பூச்சில்லாத பொடி 1 கிராம், நீர் 100 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. நன்றாகக் குலுக்கி, பொருளை ஒரு நிமிடம் கிடத்தி, மெல்லிய நீரோட்டத்தில் அலசுங்கள். கலவையை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள்.

---

நிறமாலைமேடை

ஒளிப்படத்துக்கு முன் நிறமாலை பற்றி இரண்டு எச்சரிக்கை.

இந்தப் பொடியின் முதன்மைச் சிவப்புக் கோடு 611 நானோமீட்டரில். அந்த உமிழ்வைப் பிடித்துக்கொண்டு தூண்டல் நிறமாலையை 220லிருந்து ஓட்டும்போது 305.5இல் ஒரு கூர்மையான உச்சி வரும். அது பொருளின் குணம் அல்ல, கீற்றணியின் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் உறுப்பு) இரண்டாம் வரிசை, அதாவது ஓர் ஒளி இருமடங்கு அலைநீளத்தில் போலியாகத் தெரிவது; 305.5ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள், 611. அதேபோல் 254இல் தூண்டினால் உமிழ்வில் 508இல் ஒரு போலி உச்சி. "பச்சை உமிழ்வும் உண்டு" என்று அதற்கு விளக்கம் எழுதி அச்சேற்றியவர்கள் உண்டு. உமிழ்வுப் பக்கம் ஒரு லாங்பாஸ் ஃபில்டர் (நீண்ட அலைநீளங்களை மட்டும் விடுவது) வைத்தால் இரண்டும் ஓடிவிடும்.

அடுத்தது 611க்கும் 590 சுற்றியுள்ள கோடுகளுக்கும் உள்ள விகிதம். 590 வரிசை காந்த இருமுனைத் தாவல், சுற்றுச்சூழலைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. 611 மின் இருமுனைத் தாவல், யூரோப்பியம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சமச்சீர் குலைந்தால்தான் பலக்கும். கனசதுர இட்ரியம் ஆக்சைடில் நான்கில் மூன்று இடங்கள் அப்படிக் குலைந்தவை. ஆகவே 611 ஓங்கி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பொடி சரியாகப் படிகமாகவில்லை, அல்லது வேறு கட்டம் கலந்திருக்கிறது.

ரேகைமேசை சொல்லாத ஒரு வசதி: இந்தச் சிவப்பின் ஆயுள் சுமார் ஒரு மில்லிநொடி. பிளாஸ்டிக், அச்சு மை, காகிதத்தின் வெண்மையூட்டி எல்லாம் நானோநொடிகளில் அணைந்துவிடும். தூண்டல் ஒளியைத் துடிப்பாகக் கொடுத்து, அது அணைந்து 0.1 மில்லிநொடி கழித்துக் கேமராவைத் திறந்தால் பின்னணி முழுக்கக் கறுத்து ரேகை மட்டும் நிற்கும். பாதரசக் குழலை அவ்வளவு வேகமாக அணைக்க முடியாது. 265 அல்லது 275 நானோமீட்டர் எல்.இ.டி. வேண்டும். மின்னூட்டப் பட்டை அகலமானது என்பதால் அதிலும் ஒளிரும், 254ஐவிடக் கொஞ்சம் குறைவாக.

---

வெள்ளைச்சில்லு

விளக்குப் பக்கம் நான் வருகிறேன். செவ்வொளியின் சந்தேகம் நியாயமானது.

இந்தப் பொடி விளக்குப் பொடிதான், அதில் மறுப்பில்லை. ஆனால் எந்த விளக்கு? 1970களில் பிலிப்ஸ் கொண்டுவந்த மூவண்ணப் பாஸ்பர் குழல்விளக்கில் சிவப்பு இதுதான். பச்சைக்கு டெர்பியம், நீலத்துக்கு இரு இணைதிறன் யூரோப்பியம். குழலுக்குள் பாதரசம் 254இல் ஒளிர்கிறது, பொடியின் பட்டை 250இல் இருக்கிறது. பூட்டும் சாவியும்போல் பொருந்தும். கண்ணின் உணர்திறன் 610இல் பாதி இருக்கிறது, 650இல் பத்தில் ஒன்றுதான். அதனால் 611 கோடு லூமெனை வீணாக்காத சிவப்பு. சி.எஃப்.எல். பல்பிலும் இதுவே. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கைப்படி அந்த மூவண்ணக் குழல்விளக்குகளை நிறுத்த 2027 கெடு.

எல்.இ.டி.யின் கதை வேறு. நீலச் சில்லு 450 சுற்றி உமிழ்கிறது, அகலம் 20 நானோமீட்டர். அதன்மேல் சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியக் கார்னெட் மஞ்சளைப் பூசி வெள்ளை ஆக்கியது ஜப்பானின் நிச்சியா நிறுவனம், 1996இல். சீரியத்தின் எலக்ட்ரான் தாவல் குவாண்டம் விதிகளால் அனுமதிக்கப்பட்டது, பட்டை அகலமானது, நீலத்தை வாரிக் குடிக்கும். நம் பொடிக்கு அந்தப் பக்கம் இருப்பது 465 அருகே ஒரு மெல்லிய கோடு, அதுவும் தடைசெய்யப்பட்ட தாவல். சில்லின் ஒளியில் பெரும்பகுதி பொடியைத் தொட்டுச் சிதறி வெளியே போய்விடும். பொடியைக் கூட்டினால் சிதறல்தான் கூடும்.

ஆகவே 254இல் அளந்த நிறமாலையை வைத்து "வெள்ளை எல்.இ.டி.க்கு ஏற்றது" என்று எழுதுவது தவறு. 450இல் தூண்டி, ஒருங்கிணைப்புக் கோளத்தில் (எல்லாப் பக்க ஒளியையும் சேர்த்து அளக்கும் கருவி) உறிஞ்சலையும் குவாண்டம் திறனையும் (உறிஞ்சியதில் எவ்வளவு ஒளியாகத் திரும்புகிறது) அளந்து காட்டட்டும், பிறகு பேசலாம். கூடவே 150 டிகிரி சூட்டில் ஒளிர்வில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் காட்ட வேண்டும்.

இன்னும் கொடுமை நிற வெப்பநிலைக் கணக்கு. பொடியின் நிற ஆயத்தொலைவு சுமார் 0.65, 0.34. இதை, ஆயத்தொலைவிலிருந்து நிற வெப்பநிலையைத் தோராயமாகத் தரும் மெக்கமி சூத்திரத்தில் போடுங்கள். ஆயத்தொலைவு வித்தியாசங்களின் விகிதம் −2.06 வரும், விடை சுமார் 2500 கெல்வின். "இதமான வெள்ளை ஒளி, வீட்டுக்கு ஏற்றது" என்று எழுதிவிடுகிறார்கள்! அடர் சிவப்புப் பொடிக்கு! அந்தச் சூத்திரம் 2856 முதல் 6500 கெல்வின் வரையுள்ள வெள்ளை மூலங்களுக்குப் பொருத்தப்பட்டது. வரம்புக்கு வெளியே அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். உண்மையில் அந்த ஆயத்தொலைவு 1000 கெல்வினில் கனலும் கரும்பொருளின் நிறத்தை ஒட்டி இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் சிவப்பு. அந்த வெளிச்சத்தில் யார் வீட்டில் உட்காருவார்கள்?

எல்.இ.டி.யில் சிவப்பு வேண்டுமென்றால் இன்றைக்கு நடைமுறையில் இரண்டு வழி. யூரோப்பியம் கலந்த கால்சியம் அலுமினியம் சிலிக்கன் நைட்ரைடு: 650 சுற்றி அகலப் பட்டை, உறுதியானது, ஆனால் ஒளியின் ஒரு பகுதி கண்ணுக்குப் பயன்படாத ஆழ்சிவப்பில் போகிறது. மாங்கனீசு கலந்த பொட்டாசியம் சிலிக்கன் புளோரைடு: 631இல் உச்சியுள்ள மெல்லிய கோடுகள், 450ஐ நன்றாகக் குடிக்கும், ஆனால் ஈரம் பட்டால் மாங்கனீசு டை ஆக்சைடாகிப் பழுப்படிக்கும். பல தொலைக்காட்சித் திரைகளின் பின்விளக்கில் இருப்பது இந்த இரண்டாவது.

---

செவ்வொளி611

செயல்திட்டத்தில் பூசிய எல்.இ.டி. ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் எப்படிச் செய்வது?

---

வெள்ளைச்சில்லு

மூடியில்லாத 450 சில்லு, 0.5 வாட் போதும். இருபாகச் சிலிக்கோன் 1 கிராம், கார்னெட் மஞ்சள் பொடி 0.10 கிராம், சிவப்பு வேண்டுமென்றால் நைட்ரைடு 0.01லிருந்து தொடங்குங்கள். கையால் இரண்டு நிமிடம் கலக்கி, வெற்றிடத்தில் 15 நிமிடம் குமிழி எடுத்து, சில்லின் குழிவில் ஊசியால் ஒரு சொட்டு. 80 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 150இல் இரண்டு மணி நேரம். சிலிக்கோன் தயாரிப்பாளர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி.

சொட்டியதைச் சுடாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனால் பொடி அடியில் படிந்து, நடுவில் நீலமும் ஓரத்தில் மஞ்சள் வளையமும் தெரியும். நேரே 150இல் வைத்தால் குமிழி சிக்கிக்கொள்ளும். கந்தகம் உள்ள ரப்பர் கையுறை, அமீன் உள்ள எபாக்சி இவை பட்டால் சிலிக்கோனின் பிளாட்டினம் வினையூக்கி செத்து, எவ்வளவு சுட்டாலும் பிசினாகவே நிற்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

இட்ரியம் ஆக்சைடுப் பொடியை அந்த நைட்ரைடு இடத்தில் போட்டு அளந்தும் பாருங்கள். 611 கோடு வெறும் முளைபோலத் தெரியும். அந்த வரைபடத்தைச் செயல்திட்டத்தில் போடுவது, போலி முடிவு எழுதுவதைவிட மதிப்பானது.

---

தாழையூர்க்காரன்

எல்லாம் ஒரு பொடியின் குறைதானே? 395, 465 கோடுகள் பலமாக உள்ள மாலிப்டேட், டங்ஸ்டேட் பொருட்களில் யூரோப்பியத்தைக் கூட்டிப் போட்டால் இரண்டு வேலைக்கும் ஆகாதா அண்ணா?

---

வெள்ளைச்சில்லு

தம்பி, ஓரளவு ஆகும். அவற்றில் யூரோப்பியத்தை 5 விழுக்காட்டோடு நிறுத்த வேண்டியதில்லை, செறிவு கூடினாலும் ஒளிர்வு அவ்வளவு எளிதில் தணியாது. 395 டார்ச்சில் ரேகை தெரியும், ஆபத்தும் குறைவு. ஆனால் துகள் பிரச்சினை தீராது. விளக்குக்கு வேண்டியது 10 மைக்ரான் சுற்றி, குறையற்ற, நன்கு வளர்ந்த படிகம். பெரிய துகள் குறைவாகச் சிதறும், பரப்பும் குறைவு. அதற்குத்தான் தொழிற்சாலையில் படிகம் வளர உதவும் ஃபிளக்ஸ் உப்பு சேர்த்து அதிக வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிப்பு முறைப் பொடி ஓட்டையும் கட்டியுமாக இருக்கும், சிலிக்கோனில் காற்றை இழுத்துக்கொண்டு வரும். ரேகைக்கோ 10 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய பொடி, பரப்பில் கொழுப்புப் பூச்சு. அந்த ஸ்டியரிக் பூச்சை 150 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசி. வேதிப்பெயர் ஒன்றாக இருக்கலாம், தயாரிப்பு இரண்டு.

---

ரேகைமேசை

வெள்ளைச்சில்லு சொன்னதோடு உடன்படுகிறேன். என் மனக்குறை வேறு: ரேகைப் பகுதியையும் இந்தக் கட்டுரைகள் சோதித்ததாகவே சொல்ல முடியாது.

பெரும்பாலும் நடப்பது இது. கையைக் கழுவி, விரலை நெற்றியிலும் மூக்கிலும் தேய்த்து, கண்ணாடியில் அழுத்தி, உடனே தூவிப் படம் எடுப்பது. அத்தனை கொழுப்பு உள்ள ரேகையைக் கோலமாவு தூவினாலும் எடுக்கலாம். சம்பவ இடத்து ரேகை நாள்பட்டது, நீர் காய்ந்தது, பாதி அழிந்தது.

சர்வதேச விரல்ரேகை ஆய்வுக் குழு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நான்கு கட்டங்களை வகுக்கிறது. கல்லூரி ஆய்வு முதல் கட்டம்தான், ஆனால் அதையாவது ஒழுங்காகச் செய்யலாம். தேய்க்காத இயல்பான விரல். ஒரே விரலை இடையில் எதையும் தொடாமல் அடுத்தடுத்து பத்து இடத்தில் பதிப்பது, ஒவ்வொன்றிலும் எச்சம் குறைந்துகொண்டே வரும். எத்தனையாவது பதிவு வரை உங்கள் பொடி பிடிக்கிறது என்பதே கேள்வி. பதிவைச் சரிபாதியாகப் பிரித்து, இடப்பாதிக்கு உங்கள் பொடி, வலப்பாதிக்குக் கடையில் கிடைக்கும் வழக்கமான ஃபுளோரசன்ட் பொடி. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் பழகிய பதிவுகள். பலரின் விரல்கள், ஒரே ஆய்வாளரின் கட்டைவிரல் போதாது. மதிப்பெண் 0 முதல் 4, யாருடைய பொடி எது என்று தெரியாதவர் போட வேண்டும்.

காகிதத்தில் இந்தப் பொடியைக் காட்டி "நுண்துளைப் பரப்புக்கும் ஏற்றது" என்பதையும் நம்பாதீர்கள். புதிய ரேகை என்றால் பிடிக்கும். நாளாக ஆக எச்சம் இழைக்குள் இறங்கிவிடும், மேலே ஒட்ட ஒன்றும் இருக்காது. காகிதத்துக்கு அமினோ அமிலத்தைப் பிடிக்கும் நின்ஹைட்ரின், இண்டேன்டையோன் இருக்கின்றன.

---

நிறமாலைமேடை

படம் எடுப்பதில் ஒரு கணக்கு. குற்ற இடத்து ரேகைக்கு அங்குலத்துக்கு 1000 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 39. ஆனால் 611 ஒளியைக் கேமராவின் சிவப்புப் பிக்சல்கள்தான் முக்கியமாக வாங்கும், அவை மொத்தத்தில் கால்பங்கு. ஆகவே நிறக் கேமராவில் 2000 வைத்து எடுங்கள். மேக்ரோ லென்ஸ், எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, முக்காலி, ரா கோப்பு, 600 லாங்பாஸ் ஃபில்டர், அளவுகோல் ரேகையின் அதே தளத்தில். தானியங்கி வெள்ளைச் சமநிலையை அணைத்துவிடுங்கள். முழுச் சிவப்புக் காட்சியை அது "சரிசெய்ய" முயலும்.

---

தாழையூர்க்காரன்

பின்னணி தொல்லைக்கு ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொடி எளிதல்லவா? விளக்கை அணைத்தாலும் பச்சையாக மின்னுமே.

---

நிறமாலைமேடை

எளிதுதான். 1996இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தார் வெளியிட்ட யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் கலவை, 520இல் உமிழும், 365 டார்ச்சிலேயே நிரம்பும். அணைத்து ஒரு நொடி கழித்துச் சாதாரணக் கேமராவில் எடுக்கலாம், துடிப்பு விளக்கு எதுவும் வேண்டாம். இரண்டு சிக்கல். ஈரத்தில் நீராற்பகுத்துக் கெடும், ஆக நீர்க்கலவை கூடாது. அடுத்து, நீண்ட மிளிர்வு பெரிய துகளில்தான். ரேகைக்காக நுணுக்கி அரைத்தால் மிளிர்வு போய்விடும். கடைப் பொடியை அரைக்காமல் சலித்து, 20 மைக்ரானுக்குக் கீழே வருவதை மட்டும் பயன்படுத்துங்கள்.

980 லேசரில் பச்சையாக ஒளிரும் இட்டெர்பியம்–எர்பியம் பொடியும் உண்டு, பின்னணியே இருக்காது. ஆனால் ஒளிர்வு லேசர் அடர்த்தியின் இருமடியை ஒட்டி ஏறும். கற்றையை ரேகை முழுக்க விரித்தால் மங்கிவிடும், குவித்தால் கறுப்புப் பரப்பு சூடாகும். கண்ணுக்குத் தெரியாத கற்றை வேறு.

---

செவ்வொளி611

கடைசியாக ஒன்று. தூவிய ரேகையைச் செல்லோ டேப்பில் எடுத்து, கோப்பில் ஒட்டி வைத்து, பிறகு 254இல் படம் எடுத்தால் ஆகுமா?

---

ரேகைமேசை

ஆகாது. சாதாரண டேப்பின் பசையும் படலமும் 254ஐக் கணிசமாக விழுங்கும், சில டேப்புகள் தாங்களே நீலமாக ஒளிரும். சன்னல் கண்ணாடியும் அப்படியே. ஸ்லைடைத் திருப்பி வைத்துப் பின்பக்கமிருந்து விளக்கடித்தால் ஒன்றும் தெரியாது. தூவிய பரப்பிலேயே முதலில் படத்தை முடியுங்கள். எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கறுப்பு ஜெலட்டின் படலம்: பொடி மேற்புறத்தில் நிற்கும், விளக்கு நேரே படும். மூடுதாளை மறுபடி ஒட்டுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். பிம்பம் இடம் வலமாக மாறியிருக்கும், கணினியில் திருப்பிவிட்டு அந்தத் திருப்பலைக் கோப்பில் எழுதி வையுங்கள்.